பார்பியானா ஆசிரியர் கேட்ட நேரக் கணக்கு

சிற்றூர்களில் நெடுங்காலம் பாடம் சொல்லிக்கொடுத்து, ஊர்ப் பணிகளையும் தம் பொறுப்பாக ஏற்று வாழ்ந்து மறைந்த ஆசிரியர்களை நினைவுகூரும்போது, அவர்களுடைய தியாகத்தையும் எளிமையையும் போற்றுவதோடு நிறுத்திக்கொள்வது பெரும்பாலும் வழக்கமாகிவிட்டது. இந்தப் போற்றுதலில் சமூகத்துக்கு ஒரு வசதியும் உண்டு. ஒருவரை அரிய மனிதர் என்று அறிவித்துவிட்டால், அவர் செய்த வேலையை மற்றவர்களிடமோ அரசிடமோ எதிர்பார்க்க வேண்டியதில்லை என்ற முடிவும் ஓசையின்றி உடன் வந்துவிடுகிறது. இத்தாலியின் மலைச் சிற்றூர் ஒன்றில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய கத்தோலிக்கக் குரு லொரென்ஸோ மிலானியின் (1923–1967) வாழ்வும், அவருடைய மாணவர்கள் சேர்ந்து எழுதிய ஒரு நூலும் இந்த வசதியைக் குலைக்கின்றன. தொண்டாகக் கிடைத்ததை உரிமையாகக் கேட்க மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததே அவருடைய பணியின் சாரம் என்பதும், அவரை நினைவுகூர்வதென்றால் அந்தக் கோரிக்கையை நினைவுகூர்வதே என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

ஃபுளோரன்ஸிலிருந்து மலைக்கு

மிலானி 1923 மே 27 அன்று ஃபுளோரன்ஸ் நகரில் செல்வமும் கல்வியும் நிறைந்த குடும்பத்தில் பிறந்தார். அவருடைய கொள்ளுத்தாத்தா தொமெனிக்கோ கொம்பாரெத்தி புகழ்பெற்ற மொழியியல் அறிஞர். தாய் அலிச்சே வைஸ், த்ரியெஸ்தே நகரத்து யூதக் குடும்பத்தைச் சேர்ந்தவர். மதப்பற்று இல்லாத வீட்டில் வளர்ந்து, மிலான் நகரின் பிரேரா கலைக்கழகத்தில் ஓவியம் பயின்றுகொண்டிருந்த இளைஞர், உலகப் போரின் நடுவே, 1943இல் கத்தோலிக்க நம்பிக்கைக்குத் திரும்பி அதே ஆண்டில் குருமடத்தில் சேர்ந்தார். 1947இல் குருப்பட்டம் பெற்றதும், பிராத்தோ பகுதி நெசவாலைகளுக்கு அருகிலுள்ள கலென்சானோவின் சான் தொனாத்தோ பங்கில், அதாவது ஒரு கோவிலைச் சார்ந்த மக்கள் தொகுதியில், துணைக்குருவாக அமர்த்தப்பட்டார்.

அங்கு அவர் முதலில் கண்டது, தாம் பேசும் மொழியை மக்கள் பின்தொடர முடியாமல் இருந்ததையே. மறையுரை எவ்வளவு நன்றாக இருந்தாலும், சொற்களின் பொருள் தெரியாதவர்களிடம் அது போய்ச் சேராது என்று உணர்ந்த அவர், ஆலைத் தொழிலாளர்களுக்கும் உழவர் வீட்டு இளைஞர்களுக்குமாக ‘மக்கள் பள்ளி’ என்ற மாலைப் பள்ளியைத் தொடங்கினார். கத்தோலிக்கர்களும் பொதுவுடைமைக் கட்சியினரும் ஒரே தெருவில் இரு முகாம்களாக நின்ற காலம் அது. பொதுவுடைமைக் கட்சியை ஆதரிப்போரை விலக்கிவைக்கும் ஆணையை 1949இல் வத்திக்கான் வெளியிட்டிருந்தது. அத்தகைய சூழலில், எதிர்முகாம் வீட்டுப் பிள்ளைகளும் தயக்கமின்றி வரவேண்டும் என்பதற்காக வகுப்பறைச் சுவரிலிருந்த பாடுபட்ட சுரூபத்தை, அதாவது சிலுவையில் அறையப்பட்ட இயேசுவின் உருவத்தை, மிலானி எடுத்துவிட்டார். இத்தகைய செயல்கள் திருச்சபை மேலிடத்துக்கும் உள்ளூர்ச் செல்வர்களுக்கும் உவப்பாக இல்லை. 1954 டிசம்பரில், முஜெல்லோ பள்ளத்தாக்கில் விக்கியோ நகராட்சிக்கு உட்பட்ட பார்பியானா என்ற இடத்துக்கு அவர் பங்குத்தந்தையாக அனுப்பப்பட்டார்.

பதவி உயர்வு போன்ற தோற்றம் கொண்ட இந்த மாற்றம் உண்மையில் நாடுகடத்தலுக்கு ஒப்பானது. மலைச்சரிவில் சிதறிக் கிடந்த வீடுகளில் ஏறத்தாழ நூறு பேர் மட்டுமே வாழ்ந்த அவ்வூருக்கு மின்சாரம், குழாய் நீர், முறையான சாலை எதுவும் இல்லை. அங்கு வந்து சேர்ந்த மறுநாளே அவ்வூர்க் கல்லறைத் தோட்டத்தில் தமக்கென ஓர் இடத்தை மிலானி வாங்கிவைத்தார். எப்போது திரும்பலாம் என்று நாள் எண்ணும் அலுவலராக அன்றி, இறுதிவரை அங்கேயே இருக்கப்போகும் ஊர்க்காரராகத் தம்மை அவர் அறிவித்துக்கொண்ட முறை அது.

விடுமுறை இல்லாத பள்ளி

ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்து ஆடுமாடு மேய்க்கவும் வயல் வேலைக்கும் போயிருந்த சில சிறுவர்களைக் கொண்டு, கோவிலை ஒட்டிய தம் வீட்டு அறைகளில் மிலானி பள்ளியைத் தொடங்கினார். பின்னர்ச் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்தும், நகரப் பள்ளிகளில் தேர்ச்சி பெறாமல் வெளியேற்றப்பட்ட பிள்ளைகள் காட்டுவழியே நடந்து அங்கு வந்தனர். காலை 8 மணிக்குத் தொடங்கும் பள்ளி, உணவுக்கான சிறு இடைவெளி தவிர, மாலை 7.30 மணி வரை நடந்தது. ஞாயிறு, கோடை, பண்டிகை என்ற விடுமுறைகள் இல்லை. விளையாட்டு வேளையும் இல்லை. வெளியார்க்கு இது கொடுமையாகத் தோன்றினாலும், பள்ளி இல்லாத நாளில் தொழுவத்தில் சாணம் அள்ளவேண்டியிருந்த பிள்ளைகளுக்கு அப்படித் தோன்றவில்லை என்பதை அவர்களே பிற்பாடு எழுதினர். ஓய்வு என்பது வீட்டில் வசதி உள்ளவர்களுக்கு மட்டுமே ஓய்வாக அமைகிறது என்ற உண்மையை இப்பள்ளியின் கால அட்டவணை வெளிப்படையாக்கியது.

பாடமுறையும் அதே அளவு தனித்தன்மை கொண்டிருந்தது. நாள்தோறும் செய்தித்தாள் உரக்க வாசிக்கப்பட்டு, அதில் வரும் கடினச் சொற்கள், வேலைநிறுத்தங்கள், பிற நாட்டு விடுதலைப் போராட்டங்கள் ஆகியவற்றின் பின்னணி ஒவ்வொன்றாக விளக்கப்பட்டது. சற்று முன்னேறிய மாணவர் பின்தங்கியவருக்குக் கற்பித்தார். பன்னிரண்டு வயதுச் சிறுவனும் ஆசிரியனாக நின்றான். ஒருவர் புரிந்துகொள்ளும்வரை மற்றவர்கள் அடுத்த பாடத்துக்குப் போவதில்லை. பார்க்கவரும் பேராசிரியர்களும் அரசியலாளர்களும் மாணவர்களின் கேள்விகளுக்கு விடைசொல்லியாக வேண்டும். பதின்வயதினர் கோடைக்காலத்தில் இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி முதலிய நாடுகளுக்குச் சென்று, அங்கேயே வேலை செய்து பிழைத்து அந்நாட்டு மொழிகளைக் கற்றுத் திரும்பினர்.

இவை எல்லாவற்றின் அடியிலும் மொழி பற்றிய ஓர் அரசியல் புரிதல் இருந்தது. பணக்காரனுக்கும் ஏழைக்கும் இடையிலான தொலைவில், சொத்தைவிடச் சொல்லே பெரும் பங்கு வகிக்கிறது என்று மிலானி கருதினார். ஒப்பந்தத்தைப் படிக்கவும் சட்டத்தைப் பொருள்கொள்ளவும் எதிராளியின் வாதத்தை மறுக்கவும் தெரியாதவர், சட்டப்படி சமமான குடிமகனாக இருந்தாலும் நடைமுறையில் அடிமையாகவே நீடிப்பார் என்பது அவர் வாதம். ஆகவே அவர் கற்பித்த மொழிப்பாடம் இலக்கிய நயம் பாராட்டும் பயிற்சியாக அமையாமல், குடியுரிமைப் பயிற்சியாக அமைந்தது.

கடிதமும் கணக்கும்

பார்பியானாவிலிருந்து ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் சேரச் சென்ற இரு மாணவர்கள் தேர்வில் தோற்கடிக்கப்பட்டதை அடுத்து, பள்ளியின் எட்டு மாணவர்கள் ஏறத்தாழ ஓராண்டு உழைத்து, ஓர் ஆசிரியைக்கு எழுதும் கடித வடிவில் நூலொன்றை உருவாக்கி 1967 மே மாதம் வெளியிட்டனர். தனியொருவர் பெயர் இல்லாமல் ‘பார்பியானா பள்ளி’ என்ற பெயரிலேயே அது வந்தது. தமிழில் ‘எங்களை ஏன் டீச்சர் பெயிலாக்கினீங்க?’ என்ற தலைப்பில் ஆசிரியர் வட்டங்களில் பரவலாக வாசிக்கப்படும் நூல் அதுவே.

அந்நூல் எழுதப்பட்ட விதமே ஒரு பாடம். ‘கூட்டு எழுத்து’ எனப்படும் அம்முறையில், ஒவ்வொரு மாணவரும் தமக்குத் தோன்றும் கருத்தை ஒரு துண்டுத் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுகிறார்; தாள்கள் எல்லாம் பெரிய மேசையில் பரப்பப்பட்டு, ஒன்றே மீண்டும் வருபவை நீக்கப்பட்டு, எஞ்சியவை பொருள்வாரியாகக் குவியல்களாகவும், குவியல்கள் இயல்களாகவும் அடுக்கப்படுகின்றன. அதன்பின் தேவையற்ற சொல்லை யார் கண்டுபிடித்து வெட்டுவது என்ற போட்டி தொடங்குகிறது. இறுதியாக, அதிகம் படிக்காத வெளியார் சிலரை வாசிக்கச் செய்து, அவர்களுக்குப் புரியாத இடங்கள் திருத்தப்படுகின்றன. எழுத்து என்பது பிறவித் திறமை அன்று, பொறுமையும் நேரமும் இருந்தால் யாருக்கும் கைவரும் வேலை என்பதை இம்முறை மெய்ப்பித்தது.

நூலின் வலிமை புலம்பலில் இல்லை, புள்ளிவிவரத்தில் இருக்கிறது. அரசின் புள்ளிவிவர நிறுவனத்தின் வெளியீடுகளையும் அக்கம்பக்கப் பள்ளிகளின் பதிவேடுகளையும் மாணவர்களே அலசி, ஆண்டுதோறும் தோற்கடிக்கப்படுவோர் எந்தெந்தத் தொழில் செய்யும் பெற்றோரின் பிள்ளைகள், அவர்கள் பின்னர் எங்கே போகிறார்கள் என்று வரிசைப்படுத்திக் காட்டினர். இளம் இயற்பியலாளர்களுக்கு வழங்கப்படும் ஒரு பரிசை, இப்புள்ளிவிவரப் பணிக்காக இத்தாலிய இயற்பியல் கழகம் அவர்களுக்கு வழங்கியது.

அக்கணக்கின் வரலாற்றுப் பின்னணியும் கவனத்துக்குரியது. குறைந்தது எட்டாண்டுக் கல்வி கட்டாயமும் இலவசமும் ஆகும் என்று இத்தாலிய அரசமைப்பின் 34ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் தொடக்கப்பள்ளி முடிந்ததும் சிலர் லத்தீன் கற்கும் பள்ளிக்கும் மற்றவர்கள் தொழிற்பயிற்சிப் பள்ளிக்கும் பிரிக்கப்பட்டு வந்தனர். 1962 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் இப்பிரிவினையை ஒழித்து, 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கு ஒரே பொது நடுநிலைப் பள்ளியை ஏற்படுத்தியது. வாயிற்கதவு திறந்துவிட்டது, உள்ளே தேர்வில் தோற்கடிக்கும் முறை மட்டும் மாறவில்லை. ஆகவே முன்பு வாசலில் தடுக்கப்பட்ட உழவர், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் இப்போது வகுப்பறைக்குள் வந்தபின் வெளியேற்றப்பட்டனர் என்பதே மாணவர்களின் குற்றச்சாட்டு.

மாற்றாக அவர்கள் மூன்று சீர்திருத்தங்களை முன்வைத்தனர்: கட்டாயக் கல்வி வகுப்புகளில் யாரையும் தோற்கடிக்கக் கூடாது, மந்தமானவர் எனத் தோன்றும் பிள்ளைக்கு முழுநேரப் பள்ளி வேண்டும், ஆர்வமற்றவர் எனத் தோன்றும் பிள்ளைக்கு வாழ்வில் ஒரு நோக்கத்தைக் காட்ட வேண்டும். இவற்றுள் இரண்டாவது கோரிக்கையே மற்ற இரண்டையும் தாங்கி நிற்கிறது. அரைநாள் பள்ளி என்பது நடுநிலையான ஏற்பாடு அன்று. மீதி அரைநாளில் மருத்துவர் வீட்டுப் பிள்ளைக்குப் புத்தக அலமாரியும் உரையாடலும் கட்டணத் தனிப்பயிற்சியும் கிடைக்கின்றன. உழவர் வீட்டுப் பிள்ளைக்குக் கொட்டிலும் களமும் காத்திருக்கின்றன. காலையில் பொதுப்பணத்தில் எல்லோருக்கும் ஒரே பாடம் நடத்தும் ஆசிரியர், மாலையில் வசதியுள்ளவர்களுக்கு மட்டும் கூலிக்குப் பாடம் நடத்திவிட்டு, ஆண்டிறுதியில் இருவருக்கும் நடுவராக அமர்ந்து தீர்ப்பு வழங்குவது எப்படி நியாயமாகும் என்று நூல் கேட்கும் கேள்விக்கு, எந்த நாட்டுக் கல்வித்துறையிடமும் எளிய விடை இல்லை.

வழக்கும் இறுதியும்

குடிமக்களை உருவாக்கும் கல்வி என்று சொல்லிக்கொள்வதற்கும், அதன் விளைவை ஏற்பதற்கும் இடையில் ஒரு விலை உண்டு. படையில் சேர்ந்து ஆயுதம் ஏந்துவதை மனச்சாட்சியின் பேரில் மறுத்து இளைஞர்கள் சிறை சென்றுகொண்டிருந்த 1965ஆம் ஆண்டில், தஸ்கனி மாநிலத்தின் ஓய்வுபெற்ற படைக் குருக்கள் சிலர் அம்மறுப்பைக் கோழைத்தனம் என்று பழித்து அறிக்கை விட்டனர். அதற்கு மிலானி எழுதிய பொது மறுப்பு, சட்டமீறலைத் தூண்டியதாகக் கூறி அவரை வழக்கில் சிக்கவைத்தது. நிணநீர்ப் புற்றுநோயின் ஒரு வகையான ஹாட்ஜ்கின் நோயால் நலிந்திருந்த அவர், நீதிமன்றம் செல்ல இயலாமல், நீதிபதிகளுக்கு நீண்ட கடிதம் ஒன்றை அனுப்பினார். சட்டத்துக்குக் கீழ்ப்படிவது எப்போது கடமை, அநியாயமான சட்டத்தை மாற்றப் போராடுவது எப்போது கடமை என்பதைத் தம் மாணவர்களுக்கு விளக்குவதுபோலவே அதில் அவர் விளக்கினார். 1966 பிப்ரவரியில் அவர் விடுவிக்கப்பட்டார். அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. அது விசாரணைக்கு வருமுன், நூல் வெளியாகிச் சில வாரங்களே ஆகியிருந்த நிலையில், 1967 ஜூன் 26 அன்று தம் 44ஆம் வயதில் மிலானி காலமானார். மனச்சாட்சி மறுப்பை இத்தாலியச் சட்டம் ஏற்றது 1972இல்தான்.

திருச்சபையின் ஏற்பு இன்னும் தாமதமாக வந்தது. 1958இல் வெளியான அவருடைய ‘மேய்ப்புப்பணி அனுபவங்கள்’ என்ற நூலை, நம்பிக்கைக் கோட்பாடுகளைக் கண்காணிக்கும் வத்திக்கான் துறை அதே ஆண்டு விற்பனையிலிருந்து விலக்கச் செய்திருந்தது. 2017 ஜூன் 20 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் பார்பியானாவுக்கே நேரில் சென்று அவர் கல்லறையில் வேண்டுதல் செய்தார்.

மறுப்புகள்

மிலானியை விமர்சிப்போரும் இத்தாலியில் குறைவில்லை. தேர்வுகளின் கண்டிப்பைத் தளர்த்தி, பள்ளியின் தரத்தைச் சரித்தவர் அவர்தான் என்பது பல பத்தாண்டுகளாக எழுப்பப்படும் குற்றச்சாட்டு. ஆனால் ஆண்டு முழுவதும், நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல், விளையாட்டும் இல்லாமல் நடந்த பள்ளியைத் தளர்ச்சியின் முன்மாதிரி என்று கூறுவது பொருந்தாது. தோற்கடிக்காதே என்ற முதல் கோரிக்கையை ஏற்றுக்கொண்டு, செலவு பிடிக்கும் இரண்டாம் கோரிக்கையைக் கைவிட்டவர்களிடம் செல்லவேண்டிய குற்றச்சாட்டு அது.

வேறு சில குறைகள் உண்மையானவை. பார்பியானாவில் மாணவியர் மிகக் குறைவாகவே இருந்தனர். மகளைப் படிக்க அனுப்பத் தேவையில்லை என்ற மலைக்குடும்பங்களின் எண்ணத்தை அப்பள்ளியால் பெரிதாக மாற்ற முடியவில்லை. ஆசிரியர்களைப் பற்றிய நூலின் தொனி சில இடங்களில் நியாயத்தின் எல்லையைக் கடக்கிறது. அனைத்தையும்விட முக்கியமாக, முழுநேரப் பள்ளிக்கு உகந்தவர்களாகப் பள்ளியிலேயே வீடமைத்து வாழும் ஆசிரியத் தம்பதியரையோ, மணம் துறந்தவர்களையோதான் அந்நூல் கற்பனை செய்கிறது. ஒரு குருவின் வாழ்க்கைமுறையை அளவுகோலாகக் கொண்டதால் வந்த பிழை இது. சொந்த வீடும் குழந்தைகளும் உள்ள இலட்சக்கணக்கான ஆசிரியர்களைக் கொண்டு இயங்கும் பொதுக்கல்வியை முழு அர்ப்பணிப்பின்மேல் கட்ட முடியாது. கூடுதல் நேரம் வேண்டுமெனில் கூடுதல் பணியிடங்களும் மாறுமுறைப் பணி நேரமும் அதற்கான ஊதியமும் வேண்டும்.

இத்தாலி அவ்வழியில் ஓரளவு நடந்தது. 1971ஆம் ஆண்டுச் சட்டம் தொடக்கப்பள்ளிகளில் முழுநேர முறைக்கு வழிவகுத்தது. 1973இல் உலோகத் தொழிலாளர்கள் தங்கள் கூலி ஒப்பந்தத்தில் ஊதியத்தோடு கூடிய 150 மணி நேரப் படிப்பு உரிமையை வென்றெடுத்தனர். 1977ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயக் கல்வி வகுப்புகளில் மறுதேர்வுகளை நீக்கி, மாற்றுத்திறனாளி மாணவர்களைப் பொது வகுப்பறைக்குள் கொண்டுவந்து, அவர்களுக்குத் துணை ஆசிரியர்களை நியமித்தது. இவை அனைத்தும் ஒரே நூலின் விளைவுகள் அல்ல. அக்காலத்தின் தொழிற்சங்க, மாணவர் இயக்கங்கள் சேர்ந்து உருவாக்கியவை. ஆனால் கல்வியில் சமத்துவம் என்பதை நேரமாகவும் பணியிடமாகவும் எண்ணிப் பார்க்கும் மொழியை அக்காலத்துக்கு வழங்கியவர்களுள் பார்பியானா மாணவர்களும் உண்டு.

இங்கு நடக்கும் விவாதம்

இந்தியாவில் இதே விவாதம் இப்போது உயிரோடு இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தக் குழந்தையையும் அதே வகுப்பில் நிறுத்திவைக்கக் கூடாது என்றது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் 5, 8ஆம் வகுப்புகளில் தேர்வு நடத்தி, கூடுதல் பயிற்சிக்கும் மறுதேர்வுக்கும் பிறகும் தேறாதவர்களை நிறுத்திவைக்க இடமளித்தது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு அதற்கான விதிகளை வெளியிட, தமிழ்நாடு அரசு எட்டாம் வகுப்பு வரை அனைவருக்கும் தேர்ச்சி என்ற நிலையே தொடரும் என்று அறிவித்தது. குழந்தையை இடைநிற்றலுக்குத் தள்ளாத இந்நிலைப்பாடு சரியானது. ஆனால் அது பார்பியானா கோரிக்கைகளுள் முதலாவது மட்டுமே. ‘ஆல் பாஸ்’ ஆக்கப்பட்டு, வாசிக்கத் தெரியாமலே ஒன்பதாம் வகுப்புக்கு வந்து நிற்கும் பிள்ளையிடமிருந்து தோல்வி தள்ளிவைக்கப்பட்டிருக்கிறதே தவிர, நீக்கப்படவில்லை. நிறுத்திவைப்பதை ஆதரிப்போரும், எல்லோரையும் தேர்ச்சி பெறச் செய்வதை ஆதரிப்போரும் அப்பிள்ளைக்குத் தேவையான கூடுதல் நேரத்தை யார், எப்போது, எந்த நிதியில் தருவது என்ற கேள்வியை ஒருசேரத் தவிர்க்கிறார்கள்.

அதே சட்டத்தின் அட்டவணை ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 800 கற்பித்தல் மணி நேரத்தையும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 1,000 மணி நேரத்தையும் குறைந்தபட்சமாக வரையறுக்கிறது. அதன் 28ஆம் பிரிவு ஆசிரியர்கள் தனிப்பயிற்சி நடத்துவதைத் தடைசெய்கிறது. போதாத பள்ளி நேரம், கட்டணத் தனிப்பயிற்சி என்று பார்பியானா மாணவர்கள் எழுப்பிய இரு புகார்களுக்கும் சட்ட வடிவில் பதில் இருக்கிறது என்று இதைக் கொள்ளலாம். ஆயினும், தனிப்பயிற்சி நிலையங்கள் பெருகிய ஊர்களில், பள்ளி முடிந்த பிறகான மாலை நேரம் இன்னமும் பணம் உள்ளவர்களின் வகுப்பறையாகவே இருக்கிறது.

பெருந்தொற்றுக்காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்யத் தமிழ்நாடு அரசு 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் அம்மாலை நேரத்தைப் பொதுவாக்க எடுத்த குறிப்பிடத்தக்க முயற்சி. பெரும்பாலும் பெண்களான ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள், தெருத் திண்ணைகளிலும் பொது இடங்களிலும் நாளுக்கு ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். அவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை வழங்கப்பட்டது. அத்தன்னார்வலர்களின் உழைப்பு பெரும் மதிப்புக்குரியது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு மாநிலத்தின் எளிய பிள்ளைகளுக்கான கூடுதல் கற்பித்தல் நேரம், அண்டை வீட்டுப் பெண்ணின் நல்மனத்தையும் ஆயிரம் ரூபாயையும் நம்பி நிற்கலாகாது. தேவை நிலையானதாக இருக்கும்போது, அதை நிறைவேற்றும் வேலையும் பணியிடமாகவும் ஊதியமாகவும் பயிற்சியாகவும் நிலைபெற வேண்டும்.

மிலானி தம் வாழ்வைக் கொடுத்துப் பள்ளி நடத்தினார். அவருடைய மாணவர்களோ மற்றொரு மிலானி வேண்டும் என்று எழுதாமல், அரசுப் பள்ளியும் அதன் ஆசிரியர்களும் அந்த நேரத்தைத் தரவேண்டும் என்று எழுதினார்கள். நல்லாசிரியர் ஒருவரின் மாணவர்கள் அவருக்குச் செலுத்தக்கூடிய மிக உயர்ந்த மரியாதை அது. சிற்றூர்களில் ஓய்வுக்குப் பின்னும் இலவசமாகப் பாடம் சொல்லி மறையும் ஆசிரியர்களுக்குப் படத்திறப்பு நடத்தும் ஒவ்வோர் ஊரும், அவர்கள் நாள்தோறும் எத்தனை மணி நேரம், எத்தனை பிள்ளைகளுக்கு, என்ன கற்பித்தார்கள் என்ற கணக்கை எடுத்து, அந்த மணி நேரங்களை இனி எந்தப் பள்ளி, எந்தப் பணியிடத்தின் வழியே தரப்போகிறது என்ற கேள்வியோடு மாவட்டக் கல்வி அலுவலகத்தின் கதவைத் தட்டுமானால், நினைவஞ்சலி என்பது கல்விக் கொள்கையின் பகுதியாகும்.